உப்புக் காற்றும் பஞ்சுத் தூசியும்

ராஜபாளையத்தில் நின்று மேற்கே பார்த்தால் மலை, கிழக்கே பார்த்தால் கரிசல். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் திருச்செந்தூருக்கோ ராமேஸ்வரத்துக்கோ பஸ் ஏற வேண்டும். இந்த ஊரில் உட்கார்ந்து வண்டிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறவன் நான். ஆனாலும் பேட்டரி வண்டியைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதியை ஒரு தீவுதான் கற்றுக்கொடுத்தது.

இப்போது டீக்கடையில்கூட மின்சார வண்டிப் பேச்சுதான். விற்கிறவர் கணக்கு ஒருவிதம், வாங்குகிறவர் கணக்கு ஒருவிதம். இவர்களைத் தவிர மூன்றாவதாக ஓர் ஆள் உண்டு. வண்டி நடுரோட்டில் நின்ற பிறகு போன் போட்டுக் கூப்பிடப்படுகிறவன். அவன் பக்கத்துக் கதை இது.

வாடகை சைக்கிளும் டைனமோவும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிக்குப் பக்கத்துத் தெருவில் மாமா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். அங்கேதான் தொழிலுக்கு வந்தேன். பெயரையும் நேரத்தையும் நோட்டில் எழுதிக்கொண்டு மணிக்கணக்கில் வண்டியை விடுவார். ஆடிப்பூரத் தேரோட்டம் வந்துவிட்டால் கடையில் ஒரு சைக்கிள் நிற்காது. பஞ்சர் ஒட்டுவது, ரிம்மில் கோட்டம் எடுப்பது, ஓவராயில் பார்ப்பது என்று ஒவ்வொன்றாகப் பழகினேன். பால்ரஸை மண்ணெண்ணெயில் கழுவி, கோப்பையில் கிரீஸ் தடவி நான் அடுக்கும்போது மாமா பக்கத்தில் நின்று எண்ணுவார். ஒரு குண்டு குறைந்தால் மறுபடியும் பிரிக்க வேண்டியதுதான்.

இருட்டிய பிறகு விளக்கில்லாமல் சைக்கிளில் போனால் போலீஸ்காரர் வால்டியூபைப் பிடுங்கிவிடும் காலம் அது. அதனால் டைனமோ வேலைக்குக் குறைவே கிடையாது. டயரில் உரசிச் சுற்றும் அந்தச் சின்ன உருளைக்குள் இருப்பது ஒரு காந்தமும் ஒரு காயிலும்தான். இன்றைக்கு பேட்டரி ஸ்கூட்டரின் பின்சக்கரத்துக்குள் இருக்கிற ஹப் மோட்டாரைப் பிரித்தாலும் அந்த இரண்டு பொருள்தான் கண்ணில் படும்: சுற்றிலும் காந்தம், நடுவில் காயில். டைனமோவில் சக்கரம் சுற்றினால் மின்சாரம் வரும். ஹப் மோட்டாரில் மின்சாரம் வந்தால் சக்கரம் சுற்றும். புதுத் தொழில் என்று பயந்து நின்ற பையன்களுக்கு நான் முதலில் காட்டுவது ஒரு பழைய சைக்கிள் டைனமோவைத்தான்.

பிறகு ராஜபாளையம் வந்து முடங்கியார் ரோட்டுப் பக்கம் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறையில் சேர்ந்தேன். லாரிக்கு செல்ஃப் மோட்டார், ஆர்மேச்சர் கட்டுவது, பேட்டரிக்குத் தண்ணீர் பார்ப்பது என்று நாள் ஓடும். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கியதிலிருந்து இந்த ஊரின் கடிகாரம் மில் சங்குதான். ஷிப்ட் விடும் நேரத்தில் ரோடு முழுக்க சைக்கிளாக இருக்கும். சாப்பாட்டுத் தூக்கு ஹேண்டில்பாரில் ஆடும். புகையில்லாப் போக்குவரத்து என்று அதை யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான். சைக்கிள் போய் மொபெட் வந்தது, மொபெட் போய் பைக் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே 12 கிலோமீட்டர் அளவுதான் இருக்கும். அந்தத் தூரத்துக்குள்ளேயே வேலை, சந்தை, ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம் எல்லாவற்றையும் முடித்துக்கொள்கிறவர்கள்தான் இங்கே அதிகம். பேட்டரி வண்டிக்கு இதைவிடத் தோதான தூரம் வேறில்லை என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கியது.

நான்கு பெட்டிக் கணக்கு

2008-ல் கோவையில் ஹேமலதா அண்ணாமலை ஆம்பியர் நிறுவனத்தைத் தொடங்கினார். அதை ஒட்டிய வருடங்களில் எங்கள் பக்கமும் பேட்டரி ஸ்கூட்டர்கள் எட்டிப் பார்த்தன. 250 வாட் மோட்டார், 25 கிலோமீட்டர் வேகம், லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம். பெண்பிள்ளைகளுக்கும் ரிட்டையரான வாத்தியார்களுக்கும் வாங்கிக் கொடுத்தார்கள். எல்லாம் ஈய ஆசிட் பேட்டரி. ஒரு வருஷம் ஓடும். பிறகு சார்ஜ் நிற்காது. வண்டி ஓரமாக நிற்கும், கோழி ஏறி உட்காரும்.

2014 அக்டோபரில் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி ஈ-ரிக்‌ஷாவுக்கு இலக்கணம் வகுத்தார்கள்: ஓட்டுநரைத் தவிர நான்கு பேர், 40 கிலோ சாமான், 2000 வாட்டுக்கு மேற்படாத மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டர். அதன் பிறகுதான் பேட்டரி ஆட்டோ என்கிற சாதி பட்டறைக்கு வர ஆரம்பித்தது. சீட்டுக்கு அடியில் நான்கு பெட்டி. ஒவ்வொன்றும் 12 வோல்ட். வரிசையாகக் கோத்தால் 48. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஆறு செல். ஆக மொத்தம் 24 செல் ஒரே சங்கிலியில்.

இதில் தொழில் ரகசியம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான்: 24-ல் ஒரு செல் படுத்தாலும் மொத்த வண்டியும் படுத்துவிடும். வாடிக்கையாளர் “நாலு பேட்டரியும் போச்சு, புதுசு போடுங்க” என்றுதான் வருவார். ஹைட்ரோமீட்டரை எடுத்துச் செல் செல்லாக உறிஞ்சிப் பார்த்தால் ஆசிட் அடர்த்தி 1.250-க்குப் பக்கத்தில் இருபத்து மூன்று நிற்கும். ஒன்று மட்டும் 1.150-ல் கிடக்கும். அந்த ஒரு பெட்டியை மாற்றினால் போதும். நான்கையும் மாற்றச் சொல்லிக் காசு வாங்குகிறவர்கள் தொழிலில் உண்டு. அப்படி ஏமாந்தவர் அதற்கப்புறம் பேட்டரி வண்டி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு கெட்ட மெக்கானிக் பத்து பெட்ரோல் பைக்கை விற்றுக் கொடுக்கிறான் என்று நான் சொல்வதுண்டு.

தீவுக்குள் போவது எப்படி

என்னிடம் தொழில் பழகிய தம்பி ஒருவன் மண்டபத்துக்காரன். ஊருக்குத் திரும்பி ராமேஸ்வரத்தில் கடை போட்டான். அங்கே ஒரு விடுதிக்காரர் யாத்ரீகர்களை ஏற்றி இறக்க பேட்டரி ஆட்டோக்கள் வாங்கியிருந்தார். ஒருநாள் காலையில் போன்.

“அண்ணே, வண்டி வெட்டி வெட்டிப் போகுதுண்ணே. பத்து மணி ஆனா தானா சரியாகிருது. மறுநா காலைல திரும்ப அதே கதை. கம்பெனில கேட்டா முழு கன்ட்ரோலரையும் மாத்தச் சொல்றான்.”

“வெயிலேறுனா சரியாகுதா?”

“ஆமாண்ணே.”

“எதையும் மாத்தாத. நான் வாறேன்.”

விருதுநகர், அருப்புக்கோட்டை, ராமநாதபுரம், மண்டபம் என்று போய், அன்னை இந்திரா காந்தி பாலத்தில் பஸ் ஏறும்போது இரண்டு பக்கமும் கடல். அந்தப் பாலம் 1988 அக்டோபர் 2-ல்தான் திறந்தது. அதுவரைக்கும் தீவுக்குப் போக ரயிலை விட்டால் படகுதான். 1914 பிப்ரவரியில் திறந்த ரயில் பாலத்தின் வழியாகத்தான் போட் மெயில் தனுஷ்கோடி வரை போனது. அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடியும் ரயிலில் கொழும்பு. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் தனுஷ்கோடியையும் அதை நோக்கிப் போன பாசஞ்சர் ரயிலையும் விழுங்கியது. அறுந்துபோன பாலத்தை ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்தார்கள். ஆனால் தனுஷ்கோடிக்கு ரயில் திரும்பவில்லை. இப்போது ஓடுவது 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதுப்பாலம்; கப்பல் வந்தால் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி அப்படியே படுத்தவாக்கில் 17 மீட்டர் மேலே போகும்.

மோட்டார் வண்டிகள் பெருகியதெல்லாம் ரோட்டுப் பாலம் வந்த பிறகுதான். அதற்கு முன்னால் தீவுக்குள் நடை, மாட்டுவண்டி, குதிரைவண்டி. வயதான யாத்ரீகர்கள் ஜட்காவில் ஏறி ராமர் பாதத்துக்குப் போனதை இன்றைக்கும் பெரியவர்கள் சொல்வார்கள். தூரம் அப்படி. ஸ்டேஷனிலிருந்து கோயிலுக்கு ஒன்றரை கிலோமீட்டர் போல. ராமர் பாதம் அதற்கு அப்பால் கொஞ்சம். தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரை போனாலும் இருபது சொச்சம்தான். அதற்கும் தார் ரோடு 2017-ல்தான் வந்தது. எங்கே போனாலும் ராத்திரிக்குள் திரும்பிவிடுகிற தூரம். பெரிய மேடு கிடையாது. இதைப் பார்த்தபோது, பேட்டரி வண்டிக்கென்றே அளந்து வைத்த ஊர் என்றுதான் தோன்றியது. இறங்கி வேலை பார்த்த பிறகுதான் உப்பு என்று ஒருவன் இருப்பது தெரிந்தது.

அதிகாலை ஐந்து வோல்ட்

கடைத் திண்ணையிலேயே படுத்து, விடிவதற்கு முன் எழுந்து வண்டியைப் பார்த்தேன். நோய் இருக்கிற நேரத்தில்தான் நாடி பிடிக்க வேண்டும்.

மோட்டாருக்குள் ஹால் சென்சார் என்று மூன்று சின்னச் சில்லுகள் இருக்கும். காந்தம் எந்த இடத்தில் நிற்கிறது என்று கன்ட்ரோலருக்கு அவை சொல்லிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்டுத்தான் கன்ட்ரோலர் எந்தக் காயிலுக்கு மின்சாரம் கொடுப்பது என்று முடிவெடுக்கும். வருவது ஐந்து மெல்லிய வயர். சிவப்பும் கறுப்பும் 5 வோல்ட் சப்ளை. மஞ்சள், பச்சை, நீலம் மூன்றும் செய்தி. சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே மல்டிமீட்டரை வைத்தால் ஒவ்வொரு செய்தி வயரிலும் 5, 0, 5, 0 என்று மாறி மாறி வர வேண்டும். மஞ்சளிலும் நீலத்திலும் வந்தது. பச்சையில் மட்டும் 2 வோல்ட்டில் தொங்கிக்கொண்டு நின்றது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். சீட்டுப் பலகைக்கு அடியில், பின்சக்கரத்துக்கு நேர் மேலே, ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கனெக்டர். கழற்றினால் பித்தளைப் பின்னெல்லாம் பச்சைக் களிம்பு. பின்னுக்கும் பின்னுக்கும் நடுவே ஈரம் பூத்த வெள்ளைப் படலம். உப்பு ராத்திரிக் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துவைக்கும். ஈரமான உப்பு மின்சாரத்தைக் கடத்தும். பக்கத்துப் பின்னிலிருந்து பச்சைக்குக் கசிவு. வெயிலேறி உப்பு காய்ந்தால் கசிவு நின்றுவிடும், வண்டியும் யோக்கியமாகிவிடும். கன்ட்ரோலர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

கனெக்டரையே வெட்டி எறிந்தோம். ஐந்து வயரையும் ஒரே இடத்தில் சேர்க்காமல், படிப்படியாக இடம் மாற்றி சோல்டர் வைத்து, உள்பக்கம் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயைப் போட்டுச் சூடேற்றினோம். கன்ட்ரோலரைச் சக்கரத்துக்கு மேலிருந்து பெயர்த்து ஓட்டுநர் முதுகுக்குப் பின்னால் உயரத்தில் ஏற்றினோம். அதற்குள் போகிற வயர்களைக் கீழே ஒரு தொய்வு விட்டு மேலே ஏற்றினோம். தண்ணீர் வயர் வழியே வந்தாலும் அந்தத் தொய்விலேயே சொட்டிவிடும், உள்ளே போகாது. இதற்கெல்லாம் ஆன செலவு ஒரு நல்ல சாப்பாட்டுக் காசு. கன்ட்ரோலர் மாற்றியிருந்தால் ஆயிரக்கணக்கில் போயிருக்கும். மறு மாதம் அதே நோய் திரும்பியும் இருக்கும்.

பேட்டரி டெர்மினலுக்கு கிரீஸ் தடவப் போனபோது, பாம்பனில் படகு இன்ஜின் பார்க்கிற பெரியவர் ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

“தம்பி, உப்பத் துடைக்காம கிரீஸ் வைக்காத. திருடன உள்ள வச்சு வீட்டப் பூட்டுன மாதிரி ஆகிப்போகும்.”

நல்ல தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, காயவிட்டு, அதன் மேல் பெட்ரோலியம் ஜெல்லி. படகுக்காரர்கள் காலங்காலமாகச் செய்வது இதுதான். எந்தக் கம்பெனி கையேட்டிலும் நான் இதைப் படித்ததில்லை.

நடை சாத்துகிற நேரம்

தீவு கற்றுக்கொடுத்த அடுத்த பாடம் நேரத்தைப் பற்றியது. ராமேஸ்வரம் கோயில் மதியம் ஒரு மணிக்கு நடை சாத்தினால் மூன்று மணிக்குத்தான் திறக்கும். அதிகாலையில் அக்னி தீர்த்தத்தில் தொடங்குகிற ஓட்டம் அந்த நேரத்தில் அடங்கும். ஆட்டோக்காரர்கள் நிழலில் படுத்துக் கிடப்பார்கள். சரியாக அந்த நேரத்தில்தான் வெயில் உச்சியில் இருக்கும்.

பேட்டரி வண்டி என்றால் “கரண்டும் நிலக்கரியில்தானே வருது?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, மழுப்பக் கூடாது. 48 வோல்ட், 100 ஆம்பியர் ஹவர் ஈயப் பேட்டரியை முழுக்க நிரப்ப, வீணாவதையும் சேர்த்து ஆறு ஏழு யூனிட் ஆகும். சமதளத்தில் 70 கிலோமீட்டர் போல ஓடும். பெட்ரோல் ஆட்டோ அதே தூரத்துக்கு இரண்டரை லிட்டர் குடிக்கும். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் சக்தி. ஆக 22 யூனிட்டுக்கு மேல். அந்த வகையில் மோட்டார் கெட்டிக்காரன். ஆனால் அனல்மின் நிலையத்தில் ஒரு யூனிட் எடுக்க மூன்று யூனிட் அளவுக்கு நிலக்கரியின் வெப்பம் செலவாகிறது. அதையும் சேர்த்தால், ராத்திரி முழுக்க நிலக்கரி மின்சாரத்தில் சார்ஜ் ஏற்றுகிற வண்டிக்கும் பெட்ரோல் வண்டிக்கும் கரியமில வாயுக் கணக்கில் பெரிய வித்தியாசம் நிற்காது. தெருவில் புகையும் சத்தமும் இல்லை என்பது மட்டும் உறுதியான லாபம்.

அப்படியானால் சார்ஜ் ஏற்றுகிற நேரத்தை மாற்ற வேண்டும். ராமேஸ்வரம் போகிற வழியிலிருந்து கொஞ்சம் விலகினால் கமுதி. 2016-ல் அங்கே 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. எங்கள் ஊரிலிருந்து தெற்கே சங்கரன்கோவில், கயத்தாறு பக்கம் போனால் காற்றாலைகள். செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் ஆடிக் காற்றில் அவை சுற்றுகிற சுற்றுக்கு வேகம் சொல்ல முடியாது. மதிய வெயிலிலும் ஆடிக் காற்றிலும் கிடைக்கிற மின்சாரத்தில் வண்டிக்குச் சார்ஜ் ஏறினால்தான் சுத்தம் என்ற பேச்சுக்கு அர்த்தம் வரும்.

ஈயப் பேட்டரிக்கு இந்த மதியச் சார்ஜ் ஒத்து வராது; நிரம்ப எட்டு, பத்து மணி நேரம் கேட்கும். அவசரப்பட்டு இடையிடையே அரைகுறையாக விட்டால் தட்டில் சல்பேட் படிந்து கெட்டுவிடும். லித்தியத்துக்கு அந்தக் கோளாறு இல்லை. அரைகுறையாக ஏற்றினாலும் கோபிக்காது. தகுந்த சார்ஜர் இருந்தால் இரண்டு மணி நேரத்தில் பாதிக்கு மேல் வாங்கிக்கொள்ளும். ராமேஸ்வரத்துத் தம்பி விடுதிக்காரரிடம் பேசி வண்டிகளை ஒவ்வொன்றாக லித்தியத்துக்கு மாற்றினான். மொட்டைமாடியில் சோலார் பலகை ஏற்கெனவே இருந்தது. இப்போது நடை சாத்துகிற நேரத்தில் வண்டிகள் வரிசையாகச் சார்ஜில் நிற்கின்றன.

தீவுப் பாடம் மில் ஊரில்

திரும்பி வந்து ராஜபாளையத்து வண்டிகளைப் பார்த்தேன். இங்கே உப்பு கிடையாது, பஞ்சு உண்டு. மில் பக்கமும், பேண்டேஜ் துணித் தறி ஓடுகிற சத்திரப்பட்டிப் பக்கமும் ஓடுகிற வண்டிகளில் கன்ட்ரோலரின் அலுமினிய மடிப்புகளுக்குள் பஞ்சுத் தூசி மெத்தையாக அடைந்திருக்கும். சூடு வெளியேற வழியில்லாமல் கன்ட்ரோலர் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். “வண்டி இழுக்க மாட்டேங்குது அண்ணாச்சி, மோட்டார் வீக்” என்று வருவார்கள். ஒரு பெயின்ட் பிரஷ்ஷும் கொஞ்சம் காற்றும் போதும்.

சோதனை ஓட்டத்துக்கு ஆறாவது மைல் நீர்த்தேக்கம் போகும் ரோடுதான் எனக்கு. மலையை நோக்கி ஏற்றம். நான்கு ஆளை உட்கார வைத்து அதில் ஏற்றினால், சமதளத்தில் ஒளிந்திருந்த கிழட்டுப் பேட்டரி வோல்ட் சரிந்து தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். செண்பகத்தோப்புப் பக்கம் தோட்டத்துக்குப் போகிறவர்கள் வண்டி வாங்கும்போது நான் சொல்வது, காகிதத்தில் போட்டிருக்கிற கிலோமீட்டரில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள் என்றுதான்.

இங்கேயும் நடை சாத்துகிற நேரம் ஒன்று உண்டு. ஷிப்ட் மாறும்போதும் பள்ளிக்கூடம் விடும்போதும்தான் ஷேர் ஆட்டோவுக்குக் கூட்டம். காலைப் பால் எடுத்து முடித்த ஸ்ரீவில்லிபுத்தூர் பால்காரர்களின் வண்டி மதியம் சும்மா நிற்கும். பஸ் ஸ்டாண்டிலும் தினசரி மார்க்கெட்டிலும் நிழலோடு ஒரு சார்ஜ் இடம் இருந்தால் அந்த வண்டிகளெல்லாம் மதிய வெயிலின் மின்சாரத்தில் ஓடும். ஊருக்கு ஊர் ஓய்வு நேரம் வேறுபடும். அதைப் பார்க்காமல் நெடுஞ்சாலை ஓரத்தில் மட்டும் சார்ஜ் நிலையம் வைப்பது காரில் போகிறவருக்கு உதவும், பால்காரருக்கு உதவாது.

தீயும் பழைய இரும்பும்

லித்தியத்தைப் புகழ்ந்த வாயால் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, அந்தப் புகையில் ஒரு தந்தையும் மகளும் உயிரிழந்தார்கள். அந்தக் கோடையில் வேறு இடங்களிலும் வண்டிகள் எரிந்தன. பிறகு பேட்டரிக்கான ஏ.ஐ.எஸ். 156 விதிகளை இறுக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலுமாக இரண்டு கட்டமாக நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். விதி வந்தால் போதாது. லித்தியம் பெட்டிக்குள் பி.எம்.எஸ். என்றொரு காவல் பலகை இருக்கிறது. ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் சூட்டையும் அது பார்த்துக்கொண்டிருக்கும். எல்லை மீறினால் துண்டித்துவிடும். வண்டி அடிக்கடி நிற்கிறது என்று அதைத் தாண்டி நேர் வயர் கொடுக்கச் சொல்லி வருகிறவர்கள் இருக்கிறார்கள். எவ்வளவு காசு கொடுத்தாலும் அந்த வேலையை என் பட்டறையில் செய்வதில்லை. தூங்குகிற அறையிலும் வாசற்படியை மறித்தும் சார்ஜ் போடாதீர்கள் என்று ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் சொல்லித்தான் அனுப்புகிறேன்.

அடுத்தது, செத்த பேட்டரி எங்கே போகிறது என்பது. ஈயப் பேட்டரிக்குப் பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் காசு கிடைக்கும். அதனால் எங்கள் ஊரில் ஒரு ஈயப் பேட்டரிகூடக் குப்பைமேட்டில் கிடக்காது. ஆனால் அதைக் கண்ட இடத்தில் உடைத்து உருக்கினால் மண்ணும் நீரும் கெடும். பேட்டரி ஆட்டோக்களில் வருகிற லித்தியம் பெரும்பாலும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட். நிக்கலும் கோபால்ட்டும் அதில் இல்லை என்பதால் பழைய விலைக்கு வாங்க ஆள் கிடைப்பது கஷ்டம். என் பட்டறை மூலையிலேயே சில கிடக்கின்றன. தயாரிப்பாளரே திரும்ப எடுத்து மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் வந்தன. அந்த விதி டெல்லியிலிருந்து புறப்பட்டு முடங்கியார் ரோடு வந்து சேரவில்லை. தீவில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது; உள்ளே வருகிற ஒவ்வொரு கிலோவையும் பாலம் கடத்தித்தான் வெளியே கொண்டுபோக வேண்டும்.

தண்ணீர் மேல் ஓடுவது

தீவு என்றால் தண்ணீரைக் கடக்கிற வேலையும் உண்டு. அதிலும் நமக்குப் பக்கத்திலேயே பார்க்க ஆள் இருக்கிறார்கள். செங்கோட்டை தாண்டினால் கேரளம். 2017 ஜனவரியில் வைக்கம்–தவணக்கடவு இடையே ‘ஆதித்யா’ என்ற சூரிய ஒளிப் படகை விட்டார்கள். 75 பேர் ஏறலாம். 2023 ஏப்ரலில் கொச்சியில் வாட்டர் மெட்ரோ தொடங்கியது. நகரத்தைச் சுற்றியுள்ள தீவுகளுக்கு பேட்டரிப் படகு. பெரிய படகில் 100 பேர். அவற்றில் இருப்பது லித்தியம் டைட்டனேட் பேட்டரி. விலை அதிகம், எடையும் அதிகம். ஆனால் ஆள் ஏறி இறங்குகிற பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குள் சார்ஜ் வாங்கிக்கொள்ளும். கரையில் ஓய்வு நேரம் எவ்வளவு என்று பார்த்துப் பேட்டரி எடுத்திருக்கிறார்கள். பாம்பனில் டீசல் படகுகளைப் பார்க்கும்போதும், நெடுந்தீவுக்குப் படகேறப் போகிற யாழ்ப்பாணத்துக்காரர்களைப் பற்றிக் கேள்விப்படும்போதும் இதுதான் நினைவுக்கு வரும். உப்பங்கழியில் ஓடுவது அலைக்கடலில் அப்படியே ஓடிவிடாது. ஆனால் தூரம் தெரிந்த, நேரம் தெரிந்த கரைக்குக் கரை ஓட்டங்களை முதலில் மாற்றலாம்.

முன்பணம் கொடுப்பதற்கு முன்

கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் மின்சார ஸ்கூட்டர்கள் ஆயிரக்கணக்கில் தயாராகி வெளியே வருகின்றன. 2019-லேயே இதற்கென்று தனிக் கொள்கை வெளியிட்ட மாநிலம் நம்முடையது. தயாரிப்பில் குறையில்லை. வண்டி மூன்றாவது வருஷத்தில் தளவாய்புரத்திலோ தங்கச்சிமடத்திலோ நின்றால் யார் திறந்து பார்ப்பார்கள் என்பதுதான் என் கவலை. வயரிங் படம் தர மாட்டோம், உதிரிபாகம் வெளியே விற்க மாட்டோம், எங்கள் லேப்டாப் இல்லாமல் பெட்டி பேசாது என்று சொல்கிற வண்டிகள் பெருகிவிட்டன. நூறு ரூபாய்ச் சென்சாருக்காக முழு மோட்டாரையும் மாற்றுகிறார்கள். அந்த மோட்டாரைச் செய்ய எடுத்த செம்பும் காந்தமும் மண்ணிலிருந்துதானே வந்தன?

தயாரிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: படத்தையும் பாகத்தையும் கொடுங்கள், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அரசுக்கு ஒன்று: ஐ.டி.ஐ. பாடத்தில் ஹால் சென்சாரும் பி.எம்.எஸ்.ஸும் மேஜை மேல் வரட்டும். கடலோர ஊர்ப் பிள்ளைகளுக்கு உப்பைப் பற்றித் தனியாகச் சொல்லிக் கொடுங்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு நான்கு கேள்வி. உங்கள் ஊரிலேயே இதைத் திறக்கத் தெரிந்த ஆள் இருக்கிறாரா? பேட்டரி வாரண்டி எத்தனை வருஷம் என்பது காகிதத்தில் இருக்கிறதா? உங்கள் வண்டி பகலில் எந்த நேரம் சும்மா நிற்கும், அப்போது சார்ஜ் போட இடம் உண்டா? பேட்டரி செத்த பிறகு யார் திரும்ப எடுத்துக்கொள்வார்? நான்குக்கும் பதில் கிடைத்தால் தைரியமாக வாங்குங்கள். தினம் முப்பது நாற்பது கிலோமீட்டருக்குள் ஓடுகிறவருக்கு, ராஜபாளையமானாலும் ராமேஸ்வரமானாலும், இன்றைய தேதியில் பெட்ரோல் வண்டிக்கு அவசியமில்லை.